வலிக்கவில்லை

பந்து இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் இசக்கிராஜ் நின்றான். தூத்துக்குடியில் உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பொட்டலில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம் நின்றுபோவது மழை பெய்தால் மட்டும்தான், இந்த ஊரில் மழை எங்கே பெய்கிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் ஒரு ஞாயிறும் விட்டதில்லை. வழக்கமாக மட்டைக்காரனின் மூச்சு கேட்கிற தூரத்தில் குனிந்து நின்று, வாய் ஓயாமல் கேலி பேசியே அவனை அவுட்டாக்குகிறவன், இன்று யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே நகர்ந்து நகர்ந்து கடைசி எல்லைக்கு வந்துவிட்டான். எல்லை என்றால் மூன்று செங்கல்லும் ஒரு கிழிந்த டயரும். அதற்குப் பின்னால் உடைமர முள்காடு. பங்குனி வெயில் ஒன்பது மணிக்கே மண்டையில் இறங்கிவிட்டது, கடல் பக்கமிருந்து கருவாட்டு வாசனையோடு காற்று வந்தது, காற்று சட்டைக்குள் புகுந்தும் வியர்வை காயவில்லை. இது வெயில் வியர்வை இல்லை என்று அவனுக்குத் தெரியும். தூரத்தில் பந்து போட கிங்ஸ்டன் ஓடி வருகிறான், கை சுழல்கிறது, மட்டையில் பந்து படுகிறது, அந்தச் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் இங்கே வந்து சேர்கிறது, சத்தம் வருவதற்கு முன்னாலேயே அவன் தொடை இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. பந்து வேறு பக்கம் போனது. தப்பித்தோம். அடுத்தது. கார்க் பந்து, கல் மாதிரி இருக்கும், மொட்டை மாடியில் ஆடுகிற ரப்பர் பந்து இல்லை. ஆனால் பயம் பந்தைப் பற்றியது இல்லை. பந்து படாவிட்டாலும் அது அங்கே இருக்கும். குளிக்கும்போதுதான் தெரிந்தது, பொங்கலுக்கு முந்தின வாரம், வாளி நிறைந்து வழிகிற சத்தம், வெளியே அம்மா மோட்டாரை அணைக்கச் சொல்லி யாரையோ சத்தம் போடுகிறாள், சோப்புக் கை எப்போதும் போகிற இடத்துக்கெல்லாம் போய்விட்டு அங்கேயும் போனது, இடது பக்கம், உள்ளே, புளியங்கொட்டை மாதிரி ஒன்று. கை நின்றது. வலது பக்கம் பார்த்தான், அங்கே இல்லை. மறுபடி இடது. இருந்தது. அழுத்தினான், வலிக்கவில்லை. நல்லவேளை வலிக்கவில்லை என்று அன்றைக்கு நினைத்தான். வலிக்கவில்லை என்பது நல்லவேளை இல்லை என்று அதன்பிறகு படித்துத் தெரிந்துகொண்டான், படிக்காமலே இருந்திருக்கலாம். இப்போது புளியங்கொட்டை அளவு இல்லை. எந்த அளவு என்று எதோடும் ஒப்பிட்டுப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. சில நாள் இன்றைக்குத் தொடவே கூடாது என்று முடிவு செய்து, இடது கையை நெற்றி மட்டத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் குளிப்பான், துவட்டும்போது துண்டு வழியாக விரல் தானாகப் போய்ப் பார்த்துவிட்டு வரும். போய்ப் பார்த்துவிட்டு வந்து, இருக்கிறது என்று சொல்லும்.

இங்கே பந்து பட்டால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். மூக்கில் பட்டால் ஓடி வருவார்கள், தண்ணீர் கொண்டு வருவார்கள், தலையை மேலே தூக்கு, கீழே குனி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இடுப்புக்குக் கீழே பட்டால் முதலில் ஒரு நொடி அமைதி, பிறகு பொட்டல் முழுக்கச் சிரிப்பு. அடிபட்டவன் முழங்கால் போட்டு மண்ணில் நெற்றியை முட்டிக்கொண்டு கிடப்பான், கண்ணில் தண்ணீர் நிற்கும், அவனும் சிரித்தாக வேண்டும், சிரிக்காவிட்டால் அது இன்னொரு வாரத்துக்குப் பேச்சாகும். யாராவது வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, குதிகால் படக் குதில, இறங்கிரும் என்பான். அவன் குதிப்பான். குதிப்பதைப் பார்த்து இன்னொரு தடவை சிரிப்பு. அங்கே அடிபடாமல் இருக்கப் பேன்ட்டுக்குள் வைக்கிற காப்பு ஒன்று டீம் பையில் கிடக்கிறது, எல்லோருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று, வாங்கி ஐந்தாறு வருஷம் இருக்கும், இன்னும் புதிதாகவே இருக்கிறது. ஒரு தடவை மதார் அதை எடுத்துப் பேன்ட்டுக்குள் வைத்துக்கொண்டு ஆடப் போனான், உள்ளே என்னல தங்கமா வச்சிருக்க, லாக்கர்ல கொண்டு போயி வையேன் என்று ஆரம்பித்து அவன் அவுட்டாகிற வரைக்கும் விடவில்லை, ஆரம்பித்தவன் கிங்ஸ்டன், தொடர்ந்தவர்களில் இவனும் உண்டு, அதன்பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. சிரிப்புதான் எல்லாவற்றுக்கும். சுவரோரம் வரிசையாக நின்று ஒன்றுக்குப் போகும்போதும் சிரிப்பு, யார் தூரம் போகிறதென்று போட்டி. ஒதுங்கிப் போகிறவன் மேல் ஒரு பெயர் விழும், விழுந்த பெயர் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் இருக்காது. இன்று வந்தவுடன் எல்லோரும் அந்தச் சுவருக்குப் போனபோது, செருப்பில் முள் குத்திவிட்டது என்று சொல்லி இவன் கல்மேல் உட்கார்ந்து இல்லாத முள்ளைத் தேடினான். அருளப்பன் அண்ணன் நினைப்பு அப்போதுதான் வந்தது, அல்லது அது போகவே இல்லை, மூன்று மாதமாக அங்கேயேதான் இருக்கிறது. இதே பொட்டலில், இவர்களெல்லாம் பந்து பொறுக்கிப் போடுகிற வயசில், கிட்டங்கிக் கூரைமேல் சிக்ஸர் அடித்த மனுஷன். பிறகு ஒரு மாதிரி அகட்டி நடக்க ஆரம்பித்தார். ஏன் அப்படி நடக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோரும் தெரிந்ததுபோல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டார்கள். கிங்ஸ்டன் அந்த நடையை அச்சு அசலாக நடந்து காட்டுவான், டீக்கடை பெஞ்சில் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். அவர் செத்த அன்று வீட்டு வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஆம்பளைகள் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தர் குனிந்து பக்கத்தில் இருந்தவர் காதில் எந்த இடத்தில் வந்த சீக்கு என்று சொன்னார், கேட்டவர் முகத்தில், சாவு வீட்டில், ஒரு சின்ன இளிப்பு வந்து மறைந்தது. இசக்கிராஜ் அதைப் பார்த்தான். செத்துப் போவதைப் பற்றிக்கூட அவன் ராத்திரிகளில் ஒரு மாதிரி பேசி முடித்துவிட்டான், அந்த இளிப்பைப் பற்றித்தான் பேசி முடிக்க முடியவில்லை.

ஏல கேப்பு விடாத, கொஞ்சம் இடப்பக்கம் வா என்று மதார் நடுவிலிருந்து கையைக் காட்டினான். இவன் நகர்ந்தான். நகரும்போதுகூட ஒரு கவனம், நடையில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா, அகட்டுகிறோமா, அகட்டக் கூடாது என்று ஒட்டி நடந்தால் அதுவும் தெரியுமா. இவன் வேலை பார்ப்பது ஒரு பைக் ஷோரூமில், சர்வீஸுக்கு வருகிற வண்டிகளை வாங்கி வைத்து என்ன கோளாறு என்று கேட்கிற இடத்தில். நேற்று ஒரு பெரியவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், ஒரு மாதமா உள்ள ஒரு சத்தம் கேக்கு தம்பி, ஓடுதேன்னு விட்டுட்டேன் என்றார். சத்தம் கேட்ட அன்னிக்கே கொண்டு வரணும்லா, இப்பப் பாருங்க எங்க வந்து நிக்குன்னு என்று வழக்கம்போல் ஆரம்பித்தவன் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். எங்கே கொண்டு போவது. டாக்டரிடம் போய் என்னவென்று சொல்வது. அந்த இடத்துக்கு அவனிடம் சொல்லே இல்லை, யோசித்துப் பார்த்தால் இருக்கிற சொல்லெல்லாம் வசவு. காலையிலிருந்து இந்தப் பொட்டலில் எத்தனை தடவை அந்தச் சொல்லைக் கேட்டிருப்பான், நோபால் போட்டதற்கு, ரன் ஓடாததற்கு, பந்து முள்ளுக்குள் போனதற்கு. அதையா டாக்டரிடம் சொல்ல முடியும். பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் ஒரு சொல் உண்டு, அந்தப் பாடத்தை சார் நீங்களே வாசிச்சுக்கோங்க என்று தாண்டிப் போய்விட்டார், பின்பெஞ்சில் எல்லோரும் முகத்தைப் புத்தகத்தால் மூடிக்கொண்டு சிரித்தார்கள். பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் சுவர் முழுக்க நோட்டீஸ், ஆண்மைக் குறைவா, இளமையில் செய்த தவறா, கவலை வேண்டாம், இன்ன கிழமை இன்ன லாட்ஜில் வைத்தியர் வருகிறார், ரகசியம் காக்கப்படும். ரகசியம் காக்கப்படும் என்ற அந்த ஒரு வரிக்காகவே போன மாதம் லாட்ஜ் வாசல் வரை போனான். மாடிப்படியில் இவனைப் போல நாலைந்து பேர், ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்காமல், எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு. இவன் திரும்பி வந்துவிட்டான். நான் தப்பு ஒன்றும் செய்யவில்லையே என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டான், ஒருவேளை செய்திருக்கிறேனோ, எதனால் வந்தது, ஜட்டி இறுக்கமா, பைக் சீட்டா, ஜிம்மில் பக்கத்தில் ஒருத்தன் தூக்கினான் என்பதற்காக நானும் தூக்கினேனே அதனாலா, ஏதோ செய்திருக்கிறேன், அதனால்தான். போனில் தேடினால் படங்கள் வந்தன. உடனே அணைத்தான். மறுபடி பார்த்தான். சிலருக்கு ஒரு பக்கத்தை எடுத்துவிடுவார்களாம். எடுத்துவிட்டால். எடுத்துவிட்டால் என்பதற்கு மேல் அந்த வாக்கியம் போகவில்லை, அங்கேயே முட்டி முட்டி நின்றது. அக்காவைக் கட்டிக் கொடுத்தாயிற்று, இனி இவனுக்குத்தான் என்று அம்மா ஆரம்பித்துவிட்டாள். தேடினதையெல்லாம் அழித்தான். மறுநாள் ஷோரூமில் சோறு சாப்பிடும்போது போனில் தானாக ஒரு விளம்பரம், மீசையை முறுக்கிக்கொண்டு ஒருவன், கையில் ஏதோ லேகிய டப்பா. பக்கத்தில் இருந்தவன் பார்த்தானோ என்னவோ.

அப்பாவிடம் சொல்லலாம் என்று ஒரு நாள் தீர்மானம் செய்தான். அப்பா ஆறுமுகநயினார் லாரி பட்டறையில் மெக்கானிக், ஆம்பளைப் பிள்ளை அழக் கூடாது என்றெல்லாம் ஒருநாளும் சொன்னவர் இல்லை. சொல்லுகிற அவசியம் வந்ததில்லை. அவர் வீட்டுக்குள் வருவது, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவது, மார்கழியானாலும் பச்சைத் தண்ணீரில் குளிப்பது, கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கி வைக்கும்போது மூச்சை உள்ளே இழுத்து நிறுத்துவது, இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எது செய்யலாம் எது செய்யக் கூடாது என்று இவனுக்குப் பதிந்துவிட்டது, யாரும் உட்கார வைத்துப் பாடம் எடுக்கவில்லை. ஒருநாள் அவர் இடது கையால் சாப்பிட்டார். ஏதோ விளையாட்டு என்று அக்கா சிரித்தாள். அம்மா குழம்பு ஊற்ற வந்தவள் மடியில் ரத்தத்தைப் பார்த்தாள். ஃபேன் பெல்ட்டில் மாட்டி வலது கை விரலின் நுனி போயிருந்தது, அதைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் சுற்றி வைத்துக்கொண்டு, பைக்கை ஒற்றைக் கையால் ஓட்டி வந்து, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏன் சொல்லலை என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சோறு தின்னுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன் என்றார். இவனுக்கு அப்போது ஏழெட்டு வயசு, அப்பாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்த அப்பா, இவன் சொல்லத் தீர்மானித்த அன்று, டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள், இதைவிட்டால் நேரம் இல்லை. அப்பா என்றான். என்னல என்றார், கண் டிவியில். தொண்டை வரை வந்தது, அங்கே நின்றுகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தது, ஃபேன் ரெகுலேட்டர் சரியில்லப்பா என்று வந்தது. அப்பா உடனே எழுந்துவிட்டார். டெஸ்டரை எடுத்தார், ஸ்டூலைப் போட்டார், மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தார், இருட்டில் இவன் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரெகுலேட்டரில் ஒன்றும் இல்லை என்று இவனுக்குத் தெரியும். ஆனால் பிரித்துப் பார்த்தால் உண்மையிலேயே உள்ளே ஒரு ஒயர் கருகியிருந்தது. நல்லவேளை சொன்ன, தீப்பிடிச்சிருக்கும் என்று அப்பா இவன் தோளைத் தட்டினார், அந்த நுனி இல்லாத விரல் தோளில் பட்டது, இப்போது சொல்லலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று இருந்தது, அதற்குள் விளக்கு வந்துவிட்டது. அம்மாவிடம் சொல்ல முடியாது. எய்யா, முகம் ஏன் இப்பிடி வத்திக் கிடக்கு, கடையில சாப்பிடுதியா இல்லியா என்று அவள் தினமும் கேட்கிறாள், கேட்டுவிட்டு ஒரு கரண்டி கூடுதலாக வைக்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்ல, அவள்தான் குளிப்பாட்டி வளர்த்தவள், ஆனாலும் எந்த நாளிலிருந்து என்று தெரியாமல் அது அவளிடம் சொல்லக் கூடாத இடமாகிவிட்டது. சொன்னால் அழுவாள். அழுதால் தெருவுக்குத் தெரியும். தெரு சிரிக்கும். எங்கே சுற்றினாலும் கடைசியில் இங்கேயே வந்து...

ஏல, கேட்ச், கேட்ச் என்று பொட்டல் முழுக்கக் குரல். அவன் நிமிர்ந்தான். பந்து மேலே போயிருந்தது, வெயிலுக்குள், ஒரு கறுப்புப் புள்ளி, நகராதது மாதிரி. அவனுக்காகவே போட்ட பந்து, ஒரு அடி முன்னால் போனால் போதும், கையைக் குவித்தால் போதும், இதைப்போல் ஆயிரம் பிடித்திருக்கிறான். புள்ளி பெரிதானது. வருகிறது, நேராகத்தான் வருகிறது, கைக்கு வருகிறது, கை தவறினால் எங்கே வரும், அங்கே பட்டால் என்னாகும், உடைந்துவிடுமா, உடைந்து உடம்பு முழுக்கப் பரவிவிடுமா, எங்கேயோ அப்படிப் படித்தானா அல்லது தானாக நினைத்துக்கொண்டானா. கைகளை மேலே தூக்கு என்று அவன் உத்தரவு போட்டான். கைகள் கீழே போயின. இரண்டு உள்ளங்கையும் சேர்ந்து முன்னால் மூடிக்கொண்டன, முழங்கால் மடங்கியது, முதுகு திரும்பியது, தலை தோளுக்குள் போனது. பந்து அவனுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் விழுந்து, புழுதி எழுப்பி, டயரைத் தாண்டி முள்ளுக்குள் போய்விட்டது. அந்தப் பக்கத்து டீம்காரர்கள் விசில் அடித்தார்கள். இவன் கைகளை இன்னும் எடுக்கவில்லை. அப்படியே குனிந்து நின்றான். யாரோ, சேலை கட்டிட்டு வந்திருக்கலாம்ல என்றான், இன்னொருத்தன் அதற்கு மேலே ஒன்று சொன்னான். சிரிப்பு வந்தது. தூரத்துச் சிரிப்பு, மட்டைச் சத்தம் மாதிரி கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. அவன் முள்ளுக்குள் போய்ப் பந்தைத் தேடினான். பந்து முன்னாலேயே கிடந்தது, ஆனாலும் தேடினான். எடுத்துக்கொண்டு திரும்பினால் கிங்ஸ்டன் நடந்து வந்துகொண்டிருந்தான். எறி என்று கேட்கவில்லை, அவனே வருகிறான், பாதிப் பொட்டலைத் தாண்டி, உள்ளங்கையைத் தொடையில் அடித்துக்கொண்டே. சின்ன வயசிலிருந்து ஒரே தெரு, ஒரே பெஞ்சு. ஊரிலேயே யாரிடம் சொல்லக் கூடாது என்று கேட்டால் முதல் பெயர் இவன் பெயர். கிட்டே வர வர அவன் முகத்தில் கோபம் தெரிந்தது, கோபத்துக்கு அடியில் எதைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று தேடுகிற அந்த மின்னலும் தெரிந்தது.

"என்னல ஆச்சு உனக்கு? கைக்குள்ள வந்து விழுது, பொத்திக்கிட்டு நிக்க. காலையில இருந்தே நீ சரியில்ல. பந்தத் தா."

இவன் கொடுக்கவில்லை. பந்தை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். கிங்ஸ்டன் அதைப் பார்த்தான்.

"கட்டி இருக்கு" என்றான் இசக்கிராஜ்.

"என்னது?"

"கட்டிடே. கீழ." தலையைக் குனிந்து காட்டினான், விரலால் காட்ட வரவில்லை. "உள்ள. இடப்பக்கம்."

கிங்ஸ்டனின் உதடு ஒரு பக்கம் மேலே போனது. பழக்கத்தில் போன உதடு. இசக்கிராஜ் அதையே பார்த்தான், இந்த ஒன்றைத்தான் மூன்று மாதமாகப் பார்க்கப் பயந்திருந்தான். அது பாதி தூரம் போய் நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. அந்த முகத்தை என்ன செய்வதென்று கிங்ஸ்டனுக்கே தெரியவில்லை போலிருந்தது. இவ்வளவு வருஷப் பழக்கத்தில் அவன் முகத்தில் சும்மா இருக்கிற வாயை இசக்கிராஜ் பார்த்ததில்லை.

"எப்ப இருந்து?"

"பொங்கலுக்கு முன்னாடி."

"வலிக்கா?"

"இல்ல."

"வலிக்கலன்னா நல்லதுதானல?"

"இல்லியாம்."

அதற்குமேல் கிங்ஸ்டன் கேட்கவில்லை. இவன் கையிலிருந்து பந்தை மெதுவாக வாங்கினான், வாங்கி அதன் தையலைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே நின்றான். நடுவிலிருந்து மதார், அங்க என்னல மாநாடு நடக்கு என்று கத்தினான். கிங்ஸ்டன் திரும்பிக் கத்தினான். "இவனுக்கு வயித்தால போகுதுடே. நான் கொண்டு விட்டுட்டு வாரேன். நீ போடு." பந்தை அவன் பக்கம் எறிந்தான். பொட்டல் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒன்றும் இல்லை, வயித்தால போவது யாருக்கும் வரலாம். இசக்கிராஜ் டயர்மேல் உட்கார்ந்துவிட்டான்.

கிட்டங்கிச் சுவரின் நிழலில் பைக்குகள் நின்றன. அங்கே வந்ததும் கிங்ஸ்டன் போனை எடுத்தான். யாருக்கு என்று இவன் கேட்டான். ஜெசிந்தாவுக்கு என்றான் அவன். அவனுடைய அக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேண்டாம்டே, பொம்பளகிட்டயா என்று இவன் கையைப் பிடித்தான். கிங்ஸ்டன் கையை உதறினான், ஆனால் கோபமாக இல்லை. "நம்ம ஆம்பளைகள்ல ஒருத்தன்ட்ட சொல்லேன் பாப்போம். யார்ட்ட சொல்லுவ?" என்றான். அக்கா எடுத்துவிட்டாள். கிங்ஸ்டன், எக்கா, இசக்கிக்கு ஒரு இது, நீ அவன்ட்டயே கேளு என்று போனை இவன் காதில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளிப் போய், திரும்பி நின்றுகொண்டான்.

"சொல்லு தம்பி" என்றது குரல். பின்னால் ட்ராலி உருளுகிற சத்தம்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பாடப் புத்தகத்துச் சொல்லும் வரவில்லை, வசவும் வரவில்லை, அந்த இடத்துல அக்கா என்றுதான் வந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. எந்தப் பக்கம், எவ்வளவு நாளா, கல்லு மாதிரியா மெத்துனு இருக்கா, பெருசாகுதா, இருமல் இருக்கா, முதுகு வலிக்குதா, எடை குறைஞ்சிருக்கா என்று வரிசையாகக் கேட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் எத்தனை என்று கேட்கிற குரல். அந்தக் குரலுக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இல்லை, அதுதான் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது, தன் குரலே தனக்குக் கேட்டது.

"இவ்வளவு நாள் எதுக்குச் சும்மா இருந்த?"

அவன் சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டினான்.

"சரி, கேளு. கட்டின்னா எல்லாம் ஒண்ணு இல்ல. வேற எதாவும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும், போன்ல எனக்குத் தெரியாது. நீ எதை நெனச்சுப் பயப்படுதியோ அதாவே இருந்தாலும், உன் வயசுல அதுக்கு வைத்தியம் கேக்கும். வீட்டுல உக்காந்திருந்தா கேக்காது. இன்னிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாரு. இப்பவே வா. குளிக்கணும், சட்ட மாத்தணும்னு வீட்டுக்குப் போவாத. போனா வர மாட்ட."

வீட்டுக்குப் போனால் வர மாட்டோம் என்பது அவனுக்கும் தெரிந்தது.

கிங்ஸ்டன் வண்டியை எடுத்தான். இவன் பின்னால் ஏறி உட்கார்ந்தான். போகும் வழியெல்லாம் இவனுக்குப் பயம் இறங்கவில்லை, இடம் மாறி மாறி உட்கார்ந்தது. ஸ்கேன் எடுக்கிறவன் ஆணா பெண்ணா, பேன்ட்டைக் கழற்றச் சொல்வார்களா, எப்படியும் சொல்லத்தான் செய்வார்கள், அப்பாவிடம் யார் சொல்வது, எடுத்துவிட்டால், எடுத்துவிட்டால் என்ற அந்த வாக்கியம் மறுபடி வந்து முட்டியது, இப்போது அதன் பக்கத்தில் வைத்தியம் கேக்கும் என்ற இன்னொரு வாக்கியமும் வந்து நின்றது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன, எது நகரும் என்று தெரியவில்லை. வெயிலில் ரோடு வெள்ளையாகக் கிடந்தது. ஒரு வேகத்தடை வந்தது, கிங்ஸ்டன் அதற்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, காலை ஊன்றி ஊன்றி ஏற்றி இறக்கினான்.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. முன்னால் ஒரு உப்பு லாரி, பக்கத்தில் ஆட்டோக்கள், குடும்பத்தோடு கோவிலுக்குப் போகிற ஸ்கூட்டர்கள். கிங்ஸ்டன் எஞ்சினை அணைத்தான். தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி வந்தது, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது, அந்தத் தடதடப்பில் கிங்ஸ்டன் ஏதோ சொன்னான், இவனுக்குக் கேட்கவில்லை. என்னல என்று முன்னால் குனிந்தான். கிங்ஸ்டன் தலையைத் திருப்பவில்லை. லாரியின் பின்பலகையைப் பார்த்துக்கொண்டே, இன்னும் தாழ்ந்த குரலில் மறுபடி கேட்டான்.

"நீ எப்பிடில கண்டுபிடிச்ச?"

"குளிக்கும்போது. கைல தட்டுப்பட்டுச்சு."

"அது தானா தெரியுமா, இல்ல நம்மளாத் தொட்டுப் பாக்கணுமா?"

"பாக்கணும்."

"எப்பிடிப் பாக்கணும்?"

இசக்கிராஜ் சொன்னான். கட்டை விரலும் ரெண்டு விரலும், மெதுவா உருட்டி, ஒவ்வொரு பக்கமா, அவசரப்படாம. சொல்லும்போது தனக்கு முன்னால் இருந்த கிங்ஸ்டனின் கழுத்தைப் பார்த்தான். அதில் வியர்வை வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி போனது. கேட்டைத் தூக்கினார்கள். லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது, ஆட்டோக்கள் நகர்ந்தன, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், ஒருத்தர் வண்டியைச் சுற்றி வந்து ஏதோ திட்டிவிட்டுப் போனார். கிங்ஸ்டனின் கை சாவிமேல் இருந்தது. அவன் இன்னும் வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை.